மோதலே நடக்காத வெளியில் அதிர்ச்சி அலை எழுவது எப்படி?

கேள்வியின் சாரம் இதுதான். விண்மீன்களுக்கு இடையிலான வெளியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு துகள்தான் இருக்கிறது. துகளும் துகளும் முட்டிக்கொள்ளவே வழியில்லாத அந்த இடத்தில் அதிர்ச்சி அலை எப்படி எழும்? எழுந்தாலும், அதன் வேகம் ஒளிவேகத்தை நெருங்க நெருங்க அது துகள்களை இன்னும் பெரிய ஆற்றலுக்கு முடுக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா? இதைச் சொந்தக் கணினியில் செய்து பார்க்க முடியுமா? முதல் கேள்விக்குத் தெளிவான விடை இருக்கிறது: மோதலின் வேலையை அங்கே காந்தப்புலம் செய்கிறது. இரண்டாவதற்கு விடை, பலரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. வேகம் கூடினால் முடுக்கம் எளிதாவதில்லை, பெரும்பாலும் கடினமாகிறது. மூன்றாவதற்கு, முடியும், ஆனால் கணினி தரும் படத்தை நம்புவதற்கு முன் சில சோதனைகளைக் கட்டாயம் செய்ய வேண்டும். கருந்துளையின் அருகில் ஈர்ப்பு வளைவும் சேர்ந்துகொள்ளும்போது நடப்பதை இங்கே தொடவில்லை. சமதள வெளியில் ஓடும் பிளாஸ்மாவுக்கு, அதாவது எலக்ட்ரான், புரோட்டான் போன்ற மின்னூட்டத் துகள்களாலான வாயுவுக்கு மட்டுமே இந்தப் பதில்.

மோதல் எவ்வளவு அரிது என்பதை முதலில் எண்ணாகப் பார்த்துவிடுவோம். காற்றில் எழும் அதிர்ச்சி அலையின் தடிமன், ஒரு மூலக்கூறு இரண்டு மோதல்களுக்கு நடுவே கடக்கும் சராசரி தூரத்தைப் போலச் சில மடங்குதான். அதே அளவுகோலை விண்வெளிக்குக் கொண்டுபோவோம். லோரன்ஸ் காரணி (மொத்த ஆற்றல் ஓய்வு ஆற்றலைப் போல எத்தனை மடங்கு என்ற எண்; வேகம் ஒளிவேகத்தை நெருங்க நெருங்க இது ஏறும்) 100 உள்ள ஒரு புரோட்டான், அசையாமல் நிற்கும் இன்னொரு புரோட்டானோடு அணுக்கரு அளவில் மோதுவதற்கான குறுக்குப் பரப்பு சுமார் 30 மில்லிபார்ன், அதாவது 3 × 10⁻²⁶ சதுர செ.மீ. கன செ.மீ.க்கு ஒரு துகள் என்றால், ஒரு மோதலுக்கு முன் அது சராசரியாக 3 × 10²⁵ செ.மீ.க்கு மேல் போக வேண்டும். அது சுமார் மூன்றரைக் கோடி ஒளியாண்டு! மின்விலக்கத்தால் பெரிய கோணத்தில் திரும்புவது இதைவிடவும் பல மடங்கு அரிது. ஆனால் காமாக் கதிர் வெடிப்பு (தொலைதூர விண்வெளியில் காமாக் கதிர்களைப் பீறிடும் பெருவெடிப்பு) ஒன்றின் வெளி அலை, சுற்றியுள்ள வாயுவை வாரிக்கொண்டு வேகம் குறையத் தொடங்கும் தூரம் 10¹⁷ செ.மீ. அளவில் இருக்கிறது, ஓர் ஒளியாண்டில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே மோதல் என்ற வழி அடியோடு அடைபட்டுவிடுகிறது. ஆனாலும் அந்த அலைகளின் ஒளியை 1997 முதல் தொலைநோக்கிகள் பார்த்து வருகின்றன.

அலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமலே உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. துகள் எண்ணிக்கை, உந்தம், ஆற்றல் மூன்றும் அலையைக் கடக்கும்போது காணாமல் போகக் கூடாது என்ற நிபந்தனை ஒன்றே, அலை இன்னும் தொடாத முன்பகுதியையும் அது கடந்துவிட்ட பின்பகுதியையும் இணைத்துவிடும். சாதாரண வேகங்களுக்கான ராங்கின்–ஹியூகோனியோ சமன்பாடுகளை 1948-ல் டாப் சார்பியலுக்கு ஏற்ப எழுதினார். ஒளிவேகத்தை ஒட்டிப் பாயும் கோள வடிவ வெடிப்பலைக்கான தீர்வை 1976-ல் பிளாண்ட்ஃபோர்டும் மெக்கீயும் தந்தார்கள். இந்தப் பகுதியில் சர்ச்சை எதுவும் இல்லை. குழப்பம் மட்டும் நிறைய உண்டு, ஏனென்றால் "எத்தனை மடங்கு அமுங்குகிறது?" என்ற கேள்விக்கு மூன்று வேறு எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன. மெதுவான, வலுவான அலையில் அடர்த்தி 4 மடங்காகும். அங்கே யார் அளந்தாலும் அதே எண்தான். சார்பியல் அலையில், அதாவது ஒளிவேகத்தை ஒட்டிப் போகும் அலையில், அளப்பவரின் குறிப்பாயத்தை (அவர் எதோடு சேர்ந்து நகர்ந்தபடி அளக்கிறார் என்பதை) சொல்லாமல் எண்ணைச் சொல்லவே முடியாது. அலையோடு சேர்ந்து நகர்ந்தபடி அளந்தால், பின்பகுதி பிளாஸ்மா ஒளிவேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் விலகிப் போகும், அடர்த்தி 3 மடங்காகும். பின்பகுதியோடு நின்று அளந்தால் 4 மடங்கு. ஒவ்வொரு பகுதியின் அடர்த்தியையும் அந்தந்தப் பகுதியின் ஓய்வுநிலையிலேயே அளந்து ஒப்பிட்டால், பின்பகுதி பிளாஸ்மாவின் லோரன்ஸ் காரணியைப் போல 4 மடங்கு. காரணி 100 என்றால் 400 மடங்கு. மூன்றும் சரியான எண்கள்தான். ஒரு கட்டுரையில் எடுத்த எண்ணை இன்னொரு கட்டுரையின் சூத்திரத்தில் போடும்போதுதான் கணக்கு கெடுகிறது. அலையின் காரணி வேறு, அதன் பின்னால் வரும் பிளாஸ்மாவின் காரணி வேறு என்பதையும் மறக்க வேண்டாம். முதலாவது இரண்டாவதைப் போல 1.41 மடங்கு.

இனி உள்ளே நடப்பதற்கு வருவோம். முன்பகுதியில் காந்தப்புலம் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர்த் திசையில் பாயும் இரண்டு பிளாஸ்மா ஓட்டங்கள் ஒன்றையொன்று ஊடுருவுகின்றன. மொத்தத்தில் மின்னூட்டமும் இல்லை, மின்னோட்டமும் இல்லை. ஓட்டத்துக்குக் குறுக்கே எங்கோ தற்செயலாக ஒரு சிறு காந்தப்புலச் சலனம் இருந்தால், அது மின்னூட்டத் துகள்களைப் பக்கவாட்டில் வளைக்கும். ஒரு திசையில் மின்னோட்டம் சுமப்பவை ஓர் இடத்திலும், எதிர்த்திசையில் சுமப்பவை பக்கத்து இடத்திலும் குவியும். அப்படிக் குவிந்த மின்னோட்டம், தொடக்கத்தில் இருந்த அந்தச் சலனத்தையே வலுப்படுத்தும் திசையில் புலத்தை உண்டாக்குகிறது. வலுத்த புலம் இன்னும் அதிகமாகக் குவிக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்று எதிர்த்திசையில் மின்னோட்டம் பாயும் இழைகளாக ஓட்டம் முழுவதும் பிரிந்துபோகிறது. 1959-ல் எரிக் வைபெல் எழுதிய கட்டுரையின் பெயரால் இதை வைபெல் நிலையின்மை என்கிறார்கள். காமாக் கதிர் வெடிப்புகளின் அலைகளில் காந்தப்புலத்தை உண்டாக்குவது இதுதான் என்ற கருத்தை 1999-ல் மெத்வதேவும் லோபும் முன்வைத்தார்கள். இதன் அருமை என்னவென்றால், முன்கூட்டியே ஒரு புலம் தேவையில்லை. பாயும் வேகமே புலத்துக்கான முதல்.

இழையின் தடிமனைத் தீர்மானிப்பது ஒளிவேகத்தைப் பிளாஸ்மாவின் இயல்பான அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைக்கும் நீளம். இங்கே அதைப் பிளாஸ்மா நீளம் என்று சொல்கிறேன். கன செ.மீ.க்கு ஒரு துகள் என்றால் எலக்ட்ரானுக்கு அது சுமார் 5.3 கி.மீ., புரோட்டானுக்குச் சுமார் 230 கி.மீ. அலையின் குறிப்பாயத்தில் அடர்த்தியும் துகளின் நிலைமமும் லோரன்ஸ் காரணி மடங்கு சேர்ந்தே கூடுவதால், இந்த நீளம் அப்படியே மாறாமல் நிற்கிறது. வளரும் வேகமும் அதே அளவுகோல்தான்: புரோட்டான்களுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி. புலத்தில் துகள் வளையும் ஆரம் இழையின் தடிமனுக்குச் சமமாகும்போது வளர்ச்சி நின்று, இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து தடித்து, முடிவில் குலைந்து கொந்தளிப்பாகின்றன. வரும் ஓட்டம் அந்தக் கொந்தளிப்பில் சிதறித் திசை இழக்கிறது. அந்த இடம்தான் அதிர்ச்சி அலை. தடிமன் சில பத்துப் பிளாஸ்மா நீளம், அதாவது ஆயிரக்கணக்கான கி.மீ. மூன்றரைக் கோடி ஒளியாண்டு மோதல் தூரத்தோடு இதை வைத்துப் பாருங்கள்.

புலம் எவ்வளவு வலுக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்பகுதி பிளாஸ்மாவின் காரணி 100, முன்பகுதி அடர்த்தி 1, முன்பகுதிக் காந்தப்புலம் விண்மீன் இடைவெளியில் வழக்கமான 3 மைக்ரோகாஸ். பின்பகுதியில் ஆற்றல் அடர்த்தி, காரணியின் வர்க்கத்தை 4-ஆலும் முன்பகுதியின் ஓய்வு ஆற்றல் அடர்த்தியாலும் பெருக்கினால் வரும்: 4 × 10,000 × 0.0015, அதாவது கன செ.மீ.க்கு 60 எர்க். ஒவ்வொரு புரோட்டானிடமும் சராசரியாக 93 கிகா எலக்ட்ரான் வோல்ட் வெப்ப ஆற்றலாக இருக்கும். இழைகளால் உண்டாகும் புலம் இந்த ஆற்றலில் அலையின் உச்சத்தில் 10 சதவீதம் வரையும், அதைச் சுற்றிய பகுதியில் சராசரியாக 1 சதவீதமும் பிடித்துக்கொள்கிறது என்பது கணினிப் பாவனை ஓட்டங்களின் முடிவு. 1 சதவீதம் என்றால் 0.6 எர்க், புலமாகச் சொன்னால் ஏறத்தாழ 4 காஸ். முன்பகுதிப் புலம் அமுக்கத்தால் மட்டும் வலுத்திருந்தால் 400 மடங்காகி 1.2 மில்லிகாஸில் நின்றிருக்கும். இரண்டுக்கும் 3,000 மடங்குக்கு மேல் வித்தியாசம்.

எல்லா அலையும் இப்படி இருப்பதில்லை. ஓர் அலை எந்த வகை என்பதை முடிவு செய்யும் எண் ஒன்று உண்டு; இந்தத் துறையில் யாரிடம் எந்த அலையைப் பற்றிப் பேசினாலும் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். வரும் ஓட்டத்தின் ஆற்றலில் காந்தப்புலத்தின் பங்கு எவ்வளவு என்ற விகிதம் அது. சிக்மா என்பார்கள். மேலே எடுத்த விண்மீன் இடைவெளிக்கு அது 5 × 10⁻¹⁰. இவ்வளவு சிறிய சிக்மாவில் வைபெல் இழைகளே அலையைக் கட்டுகின்றன. சிக்மா கூடினால் கதை வேறு. ஏற்கனவே உள்ள புலம் அலையில் அமுங்கி, வரும் துகள்களைச் சுழற்றித் திருப்பி விடுகிறது. அப்போது அலையின் தடிமன் துகள் சுழலும் ஆரம்தான், இழைகள் வளர அவகாசமே இல்லை. அந்தச் சுழற்சியில் துகள்கள் ஒருங்கே சேர்ந்து முன்நோக்கி ஒரு வலுவான மின்காந்த அலையை உமிழ்கின்றன. இதை சின்க்ரோட்ரான் மேசர் என்கிறார்கள். 2020 ஏப்ரல் 28 அன்று நம் பால்வெளியில் உள்ள ஒரு மேக்னட்டாரிலிருந்து (மிக வலுவான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) வேக ரேடியோ வெடிப்பு, அதாவது மில்லிநொடி அளவே நீடிக்கும் ரேடியோத் துடிப்பு, வந்த பிறகு, அதற்கு விளக்கமாக முன்வைக்கப்படும் கருத்துகளில் இதுவும் ஒன்று. அது விண்மீனின் காந்தக்கோளத்துக்குள்ளேயே உண்டானது என்ற எதிர்க்கருத்தும் வலுவாகவே நிற்கிறது.

இப்போது இரண்டாவது கேள்வி. அலையின் இருபுறமும் மாறி மாறிக் கடந்து துகள் ஆற்றல் பெறும் முறைக்கு ஃபெர்மி முடுக்கம் என்று பெயர். 1977, 78-ல் நான்கு தனித்தனி ஆய்வுகளில் இதன் இன்றைய வடிவம் உருவானது. மெதுவான அலையில், ஒவ்வொரு சுற்றிலும் துகளின் ஆற்றல் கொஞ்சம் கூடும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு பங்கு துகள்கள் பின்னால் தப்பிப் போகும். இரண்டும் சேர்ந்து ஆற்றலில் அடுக்கு 2 கொண்ட பரவலைத் (ஆற்றல் 10 மடங்கானால் துகள் எண்ணிக்கை 100-ல் ஒரு பங்காகும்) தருகின்றன. சார்பியல் அலையிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். புலம் துகளை எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சிறுகச் சிறுகச் சிதறடிக்கிறது என்று எடுத்துக்கொண்டால் அடுக்கு 2.2 வருகிறது, 1990-களின் இறுதியில் தொடங்கி வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு வழிகளில் போட்டும் இதே எண்தான். காமாக் கதிர் வெடிப்புகளின் பின்னொளியிலிருந்து (வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் ஒளியிலிருந்து) கிடைக்கும் அடுக்குகள் பல இந்த எண்ணை ஒட்டியே வருவதால் நம்பிக்கை பிறந்தது.

ஆனால் அந்த "என்று எடுத்துக்கொண்டால்" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முன்பகுதியில் ஒரு காந்தப்புலக் கோடு அலையின் செங்குத்துத் திசைக்கு ஏதோ ஒரு கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலையின் பக்கமிருந்து பார்க்கும்போது, அலைக்கு இணையான புலக்கூறு லோரன்ஸ் காரணி மடங்கு பெருகுகிறது. செங்குத்தான கூறு மாறுவதே இல்லை. ஆகவே காரணி 100 என்றால், வெறும் அரைப் பாகைக்குச் சற்று மேல் சாய்ந்திருந்த கோடுகூட அலையின் தளத்தில் நன்றாகப் படிந்துவிடுகிறது. துகள் தன் புலக்கோட்டைச் சுற்றியபடியே போகும். அந்தக் கோடோ பின்பகுதி ஓட்டத்தோடு ஒளிவேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் அலையை விட்டு விலகுகிறது. கோட்டின் வழியாகவே ஓடி அலையைத் திரும்பப் பிடிக்க வேண்டுமானால் துகள் ஒளியை முந்தியாக வேண்டும். அது நடக்காது. இயற்கையில் புலத்தின் சாய்வு எப்படியும் இருக்கலாம் என்பதால், சார்பியல் அலைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையில்தான் விழும். ஒருமுறை கடந்த துகள் பின்னால் அடித்துச் செல்லப்படுகிறது, ஃபெர்மி சுழற்சி தொடங்கவே முடிவதில்லை. வேகமான அலை நல்ல முடுக்கி இல்லை என்று தொடக்கத்தில் சொன்னதன் காரணம் இதுதான்.

இதிலிருந்து தப்ப ஒரே வழி, துகளைக் கோட்டிலிருந்து பிரித்தெறியும் அளவுக்கு வலுவான சிறு அளவுக் கொந்தளிப்பு அலையின் அருகே இருப்பது. அதைத் தருவதும் வைபெல் இழைகளே, ஆனால் சிக்மா மிகச் சிறியதாக இருந்தால்தான். எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் சேர்ந்த எலக்ட்ரான்–பாசிட்ரான் பிளாஸ்மாவில் சிக்மா ஏறத்தாழ 10⁻³-க்குக் கீழே, எலக்ட்ரான்–புரோட்டான் பிளாஸ்மாவில் 3 × 10⁻⁵-க்குக் கீழே இருந்தால்தான் முடுக்கம் நடக்கிறது என்பது கடந்த இருபது ஆண்டுகளின் கணினி ஓட்டங்களில் கண்டது. காந்தப்புலமே இல்லாத எலக்ட்ரான்–பாசிட்ரான் அலை தானாகவே ஃபெர்மி முடுக்கம் செய்வதை ஸ்பிட்கோவ்ஸ்கி 2008-ல் முதல் கோட்பாடுகளிலிருந்தே காட்டினார். துகள்களில் சுமார் 1 சதவீதம், ஆற்றலில் சுமார் 10 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, அடுக்கு 2.4 உள்ள வாலை உண்டாக்கின. மீதி 99 சதவீதம் வெப்பப் பரவலாகவே நிற்கிறது.

அப்படி முடுக்கம் நடக்கும் இடத்திலும் இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, சுற்றுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது. முதல் முறை அலையைக் கடந்து திரும்பும் துகளின் ஆற்றல் லோரன்ஸ் காரணியின் வர்க்க மடங்கு கூடும். காரணி 100-க்கு இது 10,000 மடங்கு. பாடநூல்களில் இதைப் பார்த்துவிட்டு, அடுத்த சுற்றிலும் இப்படியே கூடும் என்று நினைப்பது பரவலான தவறு. முன்பகுதிக்கு வந்த துகளை அலை உடனே துரத்திப் பிடித்துவிடுகிறது. நூற்றில் ஒரு ரேடியன் அளவு திசை மாறுவதற்குள் பிடிபடுவதால், அடுத்தடுத்த சுற்றுகளில் ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாவதோடு சரி. இரண்டாவது தடை காலம். இழைகள் மிகச் சிறியவை. ஆற்றல் கூடக் கூடத் துகளின் வளைவு ஆரம் இழையைவிட மிகப் பெரிதாகிவிடுவதால், ஒவ்வோர் இழையும் அதைத் துளித்துளியாகத்தான் திருப்புகிறது. முழுதாகத் திரும்ப ஆகும் காலம் ஆற்றலின் வர்க்கமாக ஏறும். எனவே அடையக்கூடிய உச்ச ஆற்றல் காலத்தோடு நேராக ஏறாமல், காலத்தின் வர்க்க மூலமாகத்தான் ஏறுகிறது. 10²⁰ எலக்ட்ரான் வோல்ட் வரை போகும் காஸ்மிக் கதிர்களுக்கு இந்த வகை அலை மூலமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று நான் கருதுவது இதனால்தான். ஒளிவேகத்தில் பாதி, முக்கால் என்று மிதமான சார்பியல் வேகத்தில் போகும் அலைகளுக்கு இந்தத் தடைகள் இவ்வளவு கடுமையாக இல்லை. கருந்துளை போன்றவற்றிலிருந்து பீய்ச்சும் பிளாஸ்மாத் தாரைகளுக்குள் எழும் அத்தகைய அலைகளை இந்தக் கணக்கை வைத்து ஒதுக்கிவிட முடியாது.

வானத்தில் பார்ப்பது இதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது? பின்னொளியைப் பொறுத்தவரை பெரிய படம் ஒத்துப்போகிறது. 1997 பிப்ரவரி 28 அன்று நிகழ்ந்த வெடிப்பின் பின்னொளியை பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் எக்ஸ் கதிரில் முதன்முதலாகப் பிடித்தது. அதற்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான பின்னொளிகளின் ஒளிமங்கலும் நிறமாலையும் ஒரு சார்பியல் வெளி அலையின் சின்க்ரோட்ரான் ஒளியாகவே (காந்தப்புலத்தில் வளையும் எலக்ட்ரான்கள் உமிழும் ஒளி) பெரும்பாலும் பொருந்துகின்றன. சிக்மா 10⁻⁹ அளவில் உள்ள வெளியில் ஓடும் அலை என்பதால் முடுக்கம் நடப்பதிலும் முரண் இல்லை. 2022 அக்டோபர் 9 வெடிப்பில் சீனாவின் லாசோ ஆய்வகம் முதல் 3,000 நொடிகளில் 0.2 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட 64,000-க்கும் அதிகமான ஃபோட்டான்களைப் பதிவு செய்தது. அவ்வளவு ஆற்றல் சின்க்ரோட்ரான் ஒளிக்கு அப்பாற்பட்டது. அதே எலக்ட்ரான்கள் தங்கள் ஒளியையே மோதி மேலே தூக்கிவிடுவதாகக் கொள்வதுதான் இயல்பான விளக்கம்.

உறுத்துவது ஒன்று. வைபெல் இழைகள் உண்டாக்கிய புலம் அலைக்குப் பின்னால் சில நூறு பிளாஸ்மா நீளத்துக்குள் கலைந்து தளர்ந்துவிடுகிறது. ஆனால் பின்னொளியைத் தரும் பகுதியின் அகலம், நமது எடுத்துக்காட்டில் 10¹⁵ செ.மீ., அதாவது நாலு கோடிப் பிளாஸ்மா நீளத்துக்கு மேல். அவ்வளவு தூரம் புலம் எப்படி உயிரோடு இருக்கிறது? முடுக்கம் பெற்ற துகள்களே முன்பகுதிக்கு வெகுதூரம் ஓடி, அங்கே பெரிய அளவிலான, மெதுவாகக் கலையும் புலத்தை வளர்க்கின்றன என்பது ஒரு விடை. நீண்ட நேரம் ஓட்டிய கணினி ஓட்டங்கள் அந்தத் திசையில் சான்று தருகின்றன. ஆனால் எந்த ஓட்டமும் கோடி என்ற அளவுக்கு அருகில்கூடப் போகவில்லை. புலத்தின் பங்கு அவதானிப்புகளில் வெடிப்புக்கு வெடிப்பு 10⁻⁵-லிருந்து 0.1 வரை மாறிக்கொண்டே இருப்பதற்கும் நிறைவான விளக்கம் இல்லை. எலக்ட்ரான்களின் பங்கில் நிலைமை மேல். புரோட்டான்களிடமிருந்து எலக்ட்ரான்கள் அலைக்கு முன்பாகவே ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டு ஏறக்குறைய சமநிலைக்கு வருகின்றன என்பது நன்றாக நிறுவப்பட்டிருக்கிறது.

நண்டு நெபுலா இன்னும் கடினமான பாடம். 1054-ல் வெடித்த விண்மீனின் மிச்சமான பல்சார் (வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்), நொடிக்கு 30 முறை சுழன்று எலக்ட்ரான்–பாசிட்ரான் காற்றை வீசுகிறது. அந்தக் காற்று சுமார் 0.1 பார்செக் தூரத்தில் ஒரு முடிவு அலையில் நிற்கிறது. பல்சாரிலிருந்து கிளம்பும்போது காற்றின் ஆற்றல் முழுவதும் காந்தப்புலமாகவே இருப்பதால் சிக்மா மிகப் பெரிது. நெபுலாவின் வடிவத்தையும் ஒளியையும் பொருத்த 1984-ல் கென்னலும் கொரோனிட்டியும் போட்ட கணக்கில் அது 0.003 என்று வந்தது. இடையில் எப்படிக் குறைந்தது என்பதே பல பத்தாண்டுச் சிக்கல். அந்த 0.003-ஐயே எடுத்துக்கொண்டாலும், குறுக்குப் புலம் கொண்ட இந்த அலை முடுக்கவே கூடாது. ஆனால் 2021-ல் 1.1 பீட்டா எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் ஒன்று அங்கிருந்து வந்ததாக லாசோ அறிவித்தது. காற்றில் வரிவரியாக மாறும் எதிரெதிர்ப் புலங்கள் அலையில் அமுங்கும்போது ஒன்றையொன்று அழித்து, மறு இணைப்பால் (புலக்கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைவதால்) ஆற்றலைத் தருகின்றன என்பது இன்று பலர் ஏற்கும் வழி. ரேடியோ ஒளி தரும் எலக்ட்ரான்களின் அடுக்கு 1.6 என்று தட்டையாக இருப்பது அதற்குச் சாதகம். ஃபெர்மி முடுக்கம் அப்படிப்பட்ட தட்டையான பரவலைத் தராது. 2011 ஏப்ரலில் அங்கு கண்ட காமாக் கதிர்ச் சீற்றத்தின் நிறமாலை 375 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் உச்சம் தொட்டது. மின்புலம் காந்தப்புலத்தைத் தாண்டாத எந்த முடுக்கியிலும் சின்க்ரோட்ரான் ஒளி ஏறத்தாழ 160 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் போக முடியாது, புலம் எவ்வளவு இருந்தாலும் சரி. அதனால் அந்தச் சீற்றங்களை எளிய அதிர்ச்சி அலையின் கணக்கில் எழுத முடியாது.

இன்னொரு வகையைப் பற்றி ஒரு வார்த்தை. வெடிக்கும் விண்மீனின் உள்ளே, அல்லது தாரையின் அடர்ந்த அடிப்பகுதியில் அலை ஓடும்போது, ஒளியே உள்ளே சிக்கிக்கிடக்கும். அங்கே ஓட்டத்தை நிறுத்துவது ஃபோட்டான்கள்தான். அலையின் தடிமன் துகளின் வளைவு ஆரத்தைவிட எத்தனையோ மடங்கு பெரிது. துகளுக்கு அது ஒரு திடீர்ப் படியாகத் தெரிவதே இல்லை. அங்கே ஃபெர்மி முடுக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆய்வகத்தில் இவற்றில் எதைப் பார்த்திருக்கிறார்கள் என்றும் கேட்கத் தோன்றும். ராச்செஸ்டரில் உள்ள ஒமேகா லேசரில் எதிரெதிராகப் பாயவிட்ட பிளாஸ்மாக்களில் வைபெல் இழைகளை நேரடியாகப் படம்பிடித்திருக்கிறார்கள். 2020-ல் அமெரிக்காவின் தேசிய பற்றவைப்பு மையத்தில் மோதலற்ற அலை எலக்ட்ரான்களை முடுக்குவதையும் கண்டார்கள். இவை எல்லாமே நொடிக்கு ஆயிரங்களில் கி.மீ. வேகம் கொண்டவை, ஒளிவேகத்தில் ஒரு சதவீதத்தைச் சுற்றியவை. சார்பியல் அலை எந்த ஆய்வகத்திலும் இதுவரை உருவாகவில்லை. ஆகவே சிக்மா எதற்குக் கீழே இருந்தால் முடுக்கம் நடக்கும் என்று மேலே சொன்ன எண்கள் அனைத்துக்கும் ஆதாரம் கணினிதான்.

அதனால் மூன்றாவது கேள்வி முக்கியமாகிறது. துகள்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, கட்ட வலையில் மின்காந்தப் புலத்தைத் தீர்க்கும் முறையை ஸ்மைலி, வார்ப்எக்ஸ் போன்ற திறந்த மூல நிரல்களில் இலவசமாகவே பெறலாம். எலக்ட்ரான்–பாசிட்ரான் பிளாஸ்மாவில் தொடங்குங்கள். புரோட்டானை உள்ளே கொண்டுவந்தால் 1,836 என்ற நிறை விகிதம் செலவை ஏற்றிவிடும். ஆராய்ச்சியாளர்களே 25, 100 என்று குறைத்துத்தான் ஓட்டுகிறார்கள். இரண்டு பரிமாணப் பெட்டியின் ஒரு முனையில் துகளையும் புலத்தையும் பிரதிபலிக்கும் சுவர். மறுமுனையிலிருந்து லோரன்ஸ் காரணி 15 உள்ள குளிர்ந்த ஓட்டம் அதை நோக்கி வரட்டும். சுவரில் பட்டுத் திரும்புபவை வருபவற்றை ஊடுருவ, அலை சுவரை விட்டு விலகி நகரும். ஒரு பிளாஸ்மா நீளத்துக்கு 10 கட்டம், நீளவாக்கில் 10,000 கட்டம், குறுக்கே 1,000 கட்டம், கட்டத்துக்கு 4 துகள், நேரப்படி ஒளி ஒரு கட்டத்தைக் கடக்கும் நேரத்தில் 0.45 பங்கு. இது 4 கோடித் துகள், தொடக்கத்தில் இரண்டு மூன்று ஜிபி நினைவகம், இருபதாயிரத்துக்குச் சற்று மேல் படிகள். அலைக்குப் பின்னால் துகள்கள் குவிவதால் நினைவகத்தை இரண்டு மடங்கு ஒதுக்கிவையுங்கள். 16 கோர் கொண்ட மேசைக் கணினியில் சில மணி நேரத்தில் முடியும்.

கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கட்ட வலையில் குறுகிய அலைநீள ஒளி, உண்மையான ஒளிவேகத்தைவிடச் சற்று மெதுவாகவே போகும். உங்கள் துகள்களோ ஒளிவேகத்தை ஒட்டிப் போகின்றன. விளைவு, ஒளியை முந்தும் துகள் உமிழும் செரன்கோவ் கதிர்வீச்சு, அதுவும் வெற்றிடத்திலேயே! இந்தப் போலிக் கதிர் முன்பகுதியைச் சூடாக்கி, இழைகள் போலவே தோன்றும் அமைப்புகளையும் உண்டாக்கும். எனவே முதல் ஓட்டத்தில் சுவரே வேண்டாம். ஓட்டத்தை மட்டும் பெட்டியில் போகவிட்டு, குறுக்குத் திசை உந்தம் காலத்தோடு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால், புலத்தைத் தீர்க்கும் பகுதிக்கு நிரலில் உயர்படித் தீர்வியையோ நிறமாலைத் தீர்வியையோ தேர்ந்தெடுத்து, மின்னோட்டத்துக்குச் சீராக்கும் வடிகட்டியைச் சேருங்கள். ஓட்டத்தைப் பெட்டி முழுவதும் முதலிலேயே நிரப்பாமல், அலைக்குச் சற்று முன்னால் ஒளிவேகத்தில் பின்வாங்கும் நுழைவாயிலிலிருந்து ஊற்றினால், துகள்கள் வலையில் இருக்கும் நேரமும் குறையும், செலவும் குறையும்.

அது சரியான பிறகு சுவரை வைத்து ஓட்டி, ஒளி சில நூறு பிளாஸ்மா நீளம் கடக்கும் நேரத்துக்குப் பிறகு அடர்த்தியைக் குறுக்கே சராசரி எடுத்து வரையுங்கள். இரண்டு பரிமாணத்தில், காந்தப்புலம் தளத்துக்குச் செங்குத்தாக மட்டும் எழும்போது, துகள்கள் தளத்துக்குள்ளேயே சுழல்வதால் வெப்பக் கொள்ளளவுகளின் விகிதம் 3/2. அதனால் அடர்த்தி 4 மடங்காகாது, 3.13 மடங்காகும், அலை சுவரை விட்டு 0.47 ஒளிவேகத்தில் விலகும். 2-ல் நின்றுவிட்டால் இரண்டு ஓட்டங்களும் இன்னும் ஒன்றையொன்று ஊடுருவிக்கொண்டுதான் இருக்கின்றன, அலை பிறக்கவில்லை. 4 வந்தால் நிரலிலோ உள்ளீட்டிலோ பிழை. முன்பகுதியில் தளத்துக்குச் செங்குத்தாக ஒரு சீரான புலத்தையும் சேர்த்து சிக்மாவை மாற்றிப் பார்க்க விரும்பினால் ஒன்றைக் கவனியுங்கள்: மூன்றாவது திசையை விட்டுவிட்ட பெட்டியில் துகள் தன் புலக்கோட்டை விட்டு விலகுவது செயற்கையாகக் கட்டுப்படலாம். அங்கே முடுக்கம் இல்லை என்று வந்தால், அது இயற்கையின் தடையா பெட்டியின் தடையா என்று பிரித்தறிய, மூன்று பரிமாணத்திலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். துகள்களின் ஆற்றல் பரவலை அலைக்குப் பின்னால் ஒரு குறுகிய பட்டையில் மட்டும் எடுங்கள். வெப்ப மேட்டுக்கு மேலே வால் முளைத்திருந்தால், அதன் உச்ச ஆற்றலைக் காலத்துக்கு எதிராக மடக்கை அளவில் வரைந்து சாய்வு அரையை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். அந்தச் சாய்வைப் பார்க்க ஆயிரம் பிளாஸ்மா நீளம் கொண்ட பெட்டி போதாது, சில ஆயிரமாவது வேண்டும்.